விடுதிச் சோறு

ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்க வருவோர் முதலிற் கேட்பது, அங்கே என்னென்ன பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன, ஆண்டுதோறும் எத்தனை பேர் தேறுகின்றனர் என்பதேயாகும். நாமோ, அங்குள்ள மாணாக்கர் எங்கே உறங்குகின்றனர், யாருடன் அமர்ந்து உண்கின்றனர் என்று கேட்போம். இஃது வயிற்றினின்று எழுங் கேள்வி என்று நகைப்போர் நகைக்கட்டும். வகுப்பறையில் மாணாக்கன் இருப்பது நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் அவனுக்கு விடுதியே ஆசிரியன். ஆயிரக்கணக்கானோர் பயிலும் பெருங் கல்லூரியில் ஒருவன் தனக்கு வேண்டியவரைத் தேடிச் சேர்ந்துகொண்டு, வேண்டாதாரை ஒதுக்கி, தன் வீட்டுத் திண்ணையை அங்கேயும் அமைத்துக்கொண்டு காலந் தள்ளிவிடலாம். இருநூறு பேர் மட்டுமே தங்கும் சிறு கல்லூரியிலே அதற்கு வழியில்லை. குழாயடி ஒன்று, சாப்பாட்டுக்கூடம் ஒன்று. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருபவன் பக்கத்துக் கட்டிலில் உறங்குபவனே. அவன் யார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் கஞ்சி ஆறிவிடும்.

ஒன்றாகத் தங்கவைப்பதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுமென்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் வாசகர்களில் முதியோர் பலர் அறிவர். இளைஞர்களும் அறிந்திருத்தல் நன்று. 1922-ஆம் ஆண்டில் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தத் தொடங்கினார். ஐயர் சாமானியரல்லர். லண்டனிற் சட்டம் படிக்கச் சென்றவிடத்திற் புரட்சிக்காரரானவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தேசத் தொண்டிற்கு இளைஞரை ஆக்குவதே குருகுலத்தின் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் அளிக்க இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. பல வகுப்பாரும் பணம் உதவினர். பல வகுப்புப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். ஆனால் பிராமணச் சிறுவர் சிலருக்கு மட்டும் வேறிடத்திற் சோறு போடப்பட்டது. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது சொல்லப்பட்ட காரணம். செய்தி வெளியே வந்தது, ஈ. வெ. ராமசாமியும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றனர். எஞ்சிய பணம் மறுக்கப்பட்டது. காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. 1925-ஆம் ஆண்டு ஐயர் குருகுலப் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பாபநாசத்து அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கக் குதித்து உயிர் நீத்தார். அம்மரணத்தை நினைக்கும்போது எவர் மீதும் கடுஞ்சொல் கூற நா எழவில்லை. ஆயினும் ஒன்று கவனித்தற்குரியது. அங்கே பாடம் எல்லார்க்கும் பொதுவாகத்தான் இருந்தது. பந்தியிலேதான் பிளவு புகுந்தது.

சேரன்மாதேவி எங்கோ இருக்கிறது. மலாயாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நாம் பிறந்த தோட்டத்திலே லயங்கள் மூன்று வரிசையாக இருந்தன. ஆற்றையொட்டித் தாழ்ந்த நிலத்திலிருந்த வரிசையில் யார் யார் குடியிருந்தனர் என்பதைத் தோட்டத்திற்குப் புதிதாக வருபவருக்கு எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திருவிழாவன்று எவர் வீட்டுப் படையல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துபோகும். கப்பலேறி வந்த பாட்டன்மார் தட்டுமுட்டுச் சாமான்களுடன் இதனையும் ஒரு மூட்டையிற் கட்டிக்கொண்டு வந்து இறக்கினர். துரைமாருக்கோ இதைப்பற்றிக் கவலையில்லை. பால் வந்து சேர்ந்தாற் போதும்.

பள்ளியும் இருந்தது. ஏழு வயதிற்கு மேல் பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களிற் பள்ளி அமைக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததன் பயன் அது. பள்ளி என்று பெயர் சொல்ல ஓர் அறை. அதிலே எல்லா வகுப்பும். நாம் படித்த காலத்தில் நிலைமை சற்று உயர்ந்திருந்தது எனினும், ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடும். அதன்பின் பட்டணத்து இடைநிலைப் பள்ளியிலே ஓராண்டு புகுமுக வகுப்பு. பயிற்றுமொழி பழகுவதற்காக அந்த ஆண்டு. அதிலே பாதிப்பேர் உதிர்ந்து பெரட்டுக் களத்திற்குத் திரும்புவர். இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்பொறி நின்றுவிடும். அதற்குமேற் படிப்பவனுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. தாய் விடியற்காலை ஐந்து மணிக்கு எழவேண்டியவள். விளக்கை அணைக்கச் சொல்லவும் மனமில்லாமல், வெளிச்சத்தில் உறங்கவும் இயலாமல் புரண்டு படுப்பாள்.

இந்த இருட்டைத் தாண்டி வந்த ஒருவனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விடுதி எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதைப் பட்டணத்து அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். 1970-களின் நடுவில், இரண்டாண்டுப் பயிற்சிக்காக நாம் ஒரு தகரப் பெட்டியுடன் அங்கே போய் இறங்கினோம். எமக்கென்று ஓர் இரும்புக் கட்டில். எமக்கென்று பூட்டும் சாவியுமுள்ள ஓர் அலமாரி. பிறந்தது முதல் அதுவரை தனிக் கட்டில் என்பதை நாம் கண்டதில்லை. முதலிரவு உறக்கம் வரவில்லை. தம்பியின் கால் மேலே விழாமையாற்போலும்! பதினொரு மணிக்கு அறை விளக்குகள் அணைக்கப்படும். ஆனால் நடைவழியின் விளக்குகள் விடியும் வரை எரிந்தன. அவற்றின் கீழே பாயை விரித்துப் படித்தவர்களெல்லாம் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளே. அணையாத விளக்கை அவர்களால் வீணாக்க முடியவில்லை. மாதந்தோறும் அரசாங்கம் கொடுத்த பயிற்சிப்படியிற் பாதியை அஞ்சல் வழியாக வீட்டிற்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய பாதியில் ஒரு சட்டையும் ஒரு சோடிச் சிலிப்பரும் வாங்குவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

எமது அறையில் நால்வர். கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பர் ஒருவர், பேராக்கிலிருந்து சீனர் ஒருவர், தமிழர் இருவர். சாப்பாட்டுக்கூடத்தில் மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் எங்களுக்கு மீனோ முட்டையோ தனியே வைக்கப்படும். முதல் வாரத்தில் அந்த மலாய் நண்பர் எமக்கு எதிரில் தம் தட்டுடன் அமரத் தயங்கினார். அவருடைய தயக்கம் எம்பொருட்டே என்பதை உணர்ந்து, நாமே அவரை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டோம். நோன்பு மாதத்தில் விடியுமுன் மூன்றரை நான்கு மணிக்கு அவர் எழுந்து உண்ணப் போவார். முதல் சில நாட்கள் கால் ஓசை கேட்காமல் நடந்து போனவர், பின்னர் எங்களையும் எழுப்பிவிடுவார். தேர்வு நெருங்கிய காலமாகையால் அது எங்களுக்கும் உதவிற்று. இத்தகைய சிறு விட்டுக்கொடுப்புக்களை எந்தப் பேராசிரியரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை.

எங்களுக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர்களில் ஒருவர் கிர்க்பியிற் பயின்றவர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கருகே, 1950-களின் தொடக்கத்திலிருந்து 1962 வரை, மலாயாவின் ஆசிரியர்களுக்கென்றே நடத்தப்பட்ட கல்லூரி அது. போர்க்காலக் குடில்களே மாணவர் விடுதிகள். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் சொந்த ஊரிலே சேர்ந்து வாழ்ந்தறியாத நிலையில், ஏழு கடல் தாண்டிக் குளிரிலே ஒரு கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் அறிந்தனர் என்று எம் ஆசிரியர் சொல்வார். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், லண்டனிற் பேச்சு வார்த்தைக்காக வந்திருந்த துங்கு அப்துல் ரஹ்மான் அக்கல்லூரிக்குச் சென்று, நாடு விடுதலை பெறப்போகும் நாளை அம்மாணவர் நடுவே அறிவித்தார். மலாக்காவில் மக்கள் திரளின் முன் அறிவித்தது அதற்குப் பின்பு, அம்மாதம் 20-ஆம் நாளில்தான். இதைச் சொல்லும் போதெல்லாம் எம் ஆசிரியரின் குரல் தழுதழுக்கும். உடனே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அங்கும் அரிசிச் சோற்றுக்காக ஏங்கினோம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

இனி, மலாய் நண்பரோடும் சீன நண்பரோடும் இத்துணை எளிதாகக் கூடிய தமிழ்ப் பிள்ளைகள், தங்களுக்குள்ளே எவ்வாறு இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். சொல்லாமற் போனால் இக்கட்டுரை வெறும் புகழ்ச்சிப் பத்திரமாகிவிடும்.

விடுதியிற் தமிழர் இருபத்திரண்டு பேர் இருந்தோம். பட்டணத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களின் தந்தைமார் கிராணிகளாகவும், ரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் வேலை பார்ப்பவர்களாகவும் இருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் நாவிலே இருந்தது. எங்களுக்கு ஏட்டிலே இருந்தது. முதல் வாரத்தில் மூத்த மாணவர்கள் புதியோரை நிறுத்தி வைத்து வேடிக்கை செய்யும் வழக்கம் உண்டு. அந்த வேடிக்கையில், மரம் வெட்டுவது எப்படி என்று கையை வளைத்துக் காட்டும்படி தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டவர் ஒரு தமிழரே. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை அங்கே முதன்முதலாகத் தமிழர் வாயிலிருந்தே கேட்டோம். எனினும் இது விரைவிற் கரைந்துவிட்டது. மூன்றாம் மாதத்தில் தோட்டத்துப் பிள்ளையின் தமிழ் இலக்கணக் குறிப்பேடு பட்டணத்துப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது.

கரையாத ஒன்று இருந்தது. "உங்கள் குலதெய்வம் எது?" என்று ஒருவர் கேட்பார், பக்தி மேலிட்டுக் கேட்பவர் போலவே கேட்பார். "தாத்தாவுக்கு ஊரில் எந்தப் பக்கம்?" என்பார் மற்றொருவர். இராமநாதபுரமா, தஞ்சாவூரா என்று அறிவது அவர் நோக்கமன்று. வந்து சேர்ந்த ஒரு மாதத்திற்குள் இருபத்திரண்டு பேரின் பிறப்பும் இருபத்திரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. எவர் கேட்டார், எவர் சொன்னார் என்பது மட்டும் தெரியாது.

எம் அறையிலிருந்த மற்றொரு தமிழர் சமையலில் வல்லவர். தந்தை மறைந்தபின், தாய் விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போய்விட, ஒன்பது வயதிலிருந்து தம்பி தங்கையர்க்குச் சமைத்துப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை மாலையிற் சாப்பாட்டுக்கூடம் மூடியிருக்கும். அன்று அவர் விடுதியின் பின்கட்டில், காப்பாளருக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிச் சாம்பார் வைப்பார். முருங்கைக்காய் கிடைத்த நாளில் அதன் மணம் மூன்றாம் மாடி வரை ஏறும். தமிழர் அனைவரும் தட்டுடன் வந்து நிற்பர். பட்டணத்துப் பிள்ளைகளும் வருவர்; கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் உண்பர். ஆற்றையொட்டிய வரிசையைச் சேர்ந்தவர் அவர் என்பது அந்தச் சாம்பாரின் சுவையைச் சற்றும் குறைக்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் பொங்கல் வந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் பின்புறத்தே மூன்று கல்லை வைத்துப் பொங்கலிட்டுக்கொள்ள முதல்வர் அனுமதி கொடுத்தார். ஆளுக்குச் சிறிது பணம் போட்டு அரிசியும் வெல்லமும் வாங்கினோம். வேலைகளைப் பங்கிட்ட நண்பர், நல்லவர், பட்டணத்தவர், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். சமையற்காரத் தோழரின் பெயர் 'விறகு' என்பதற்கு நேரே இருந்தது. பானைக்கு வேறொருவர் பெயர். அவர் தம் வாழ்நாளில் முட்டை அவித்தறியாதவர். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. தோழர் கோடரியை எடுத்துப் பால்மரக் கட்டைகளைப் பிளக்கத் தொடங்கினார். அன்றாடம் உண்ணும் சோற்றில் இல்லாத தீட்டு, கதிரவனுக்குப் படைக்கும் சோற்றில் மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பதை, இதற்கு ஆகமங்காட்டும் பெரியோர் எவரேனும் விளக்கினால் நன்றியுடையோம்.

அப்போது எம் மலாய் நண்பர் வேடிக்கை பார்க்க வந்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நன்றாகச் சமைப்பவன் இவன் அல்லவா? இவனை ஏன் விறகு பிளக்க விட்டிருக்கிறீர்கள்?" என்று எல்லார்க்கும் பொதுவாகக் கேட்டார். சூதறியாத கேள்வி. தாள் எழுதிய நண்பர் விடை தேடினார். மலாய்மொழியில் அவர் எங்கள் எல்லாரிலும் வல்லவர். மேடையிற் பேசிப் பரிசு பெற்றவர். ஆயினும் இந்த ஒன்றைச் சொல்ல அவருக்கு அம்மொழியில் ஒரு சொல்லும் அகப்படவில்லை. இறுதியில், "அவனுக்குக் கையிலே சுளுக்கு" என்றார். மலாய் நண்பர், ஓங்கிய கோடரியையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தார். பிறகு தாள் எழுதியவரின் முகத்தைப் பார்த்தார். நம் சமூகத்தின் மிகப் பழைய வழக்கமொன்று, அதை அறியாத ஓர் அயலாரிடம் விளக்கிச் சொல்லவேண்டிய நிலையில் எத்துணை அற்பமாகிவிடுகிறது என்பதை அன்று கண்டோம்.

பெண்கள் விடுதியிலிருந்து காய் நறுக்க வந்திருந்த ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து, அகப்பையை எடுத்துக்கொண்டு விறகடிக்குப் போனார். "அண்ணே, அரிசி ஊறிப்போச்சு. வந்து போடுங்க," என்று சொல்லி அதைத் தோழரின் கையிற் கொடுத்தார். அவ்வளவே. கோடரியை முட்டை அவித்தறியாதவர் வாங்கிக்கொண்டார்; அவருக்கும் அது பெரிய நிம்மதி. பொங்கல் பொங்கிற்று. எல்லாரும் உண்டனர். தாள் எழுதியவரும் உண்டார்.

அந்தப் பெண்ணைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அவரை விடுதிக்கு அனுப்புவதா என்று அவர் தோட்டத்திலே ஒரு மாதம் பேச்சு நடந்ததாம். வயதுக்கு வந்த பெண்ணை அயலூரில், காவலின்றித் தங்கவைப்பதா என்று சுற்றத்தார் கேட்டனர். அவர் தாயார், பால்வெட்டும் பெண், எழுத்தறியாதவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளுடன் முதற் பேருந்தில் வந்தார். காப்பாளரம்மையாரைப் பார்த்தார்; கதவுகளின் தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்; பிறகு மாலை வரை வாயிலருகே மரத்தடியில் அமர்ந்து, யார் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று கவனித்துவிட்டு, கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பினார். பின்பு தோட்டத்தில் எவர் கேட்டாலும், "நான் பார்த்துட்டேன்" என்பதே அவர் விடை. அதன்பின் அத்தோட்டத்திலிருந்து மேலும் பெண் பிள்ளைகள் விடுதிகளுக்குச் சென்றனர். ஆண் மாணவர் இரவு எட்டு மணிக்கு வாயிலில் நின்று அரட்டையடிக்க, பெண்கள் மட்டும் ஆறரைக்கே உள்ளே அடைபட வேண்டுமென்ற விதி அங்கே இருந்தது. அதை எதிர்த்து முதலிற் கையொப்பமிட்டவரும் இவரே. விதி மாறவில்லை. ஏழு மணியாயிற்று.

படிப்பு முடிந்து எல்லாரும் பிரிந்தோம். பள்ளிகளிற் பணியாற்றி, தலைமையாசிரியர்களாகி, ஓய்வு பெற்றோம். நாம் பிறந்த தோட்டம் முதலிற் செம்பனைக்கு மாறி, பின்பு வீடமைப்புத் திட்டமாயிற்று. ஆற்றையொட்டிய வரிசை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மேல்வரிசை, கீழ்வரிசை என்பன மண்ணிலிருந்து அழிந்தன. மனத்திலிருந்தும் அழிந்தனவா என்பதை அறியக் கலியாணப் பேச்சைக் காட்டிலும் சிறந்த கருவியில்லை. ஒரே பந்தியிலே ஈராண்டு உண்டவர்கள், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் நாளில் எங்கிருந்தோ அந்தப் பழைய மூட்டையைத் தேடி எடுத்துவிடுகின்றனர். பத்திரிகை விளம்பரத்திலே 'அதே இனம்' என்று இரண்டு சொல் போட்டால் போதும். மற்றதெல்லாம் தானே விளங்கும்.

அண்மையில், அந்நாளில் தாள் எழுதி ஒட்டிய நண்பர் எம் வீட்டிற்கு வந்தார். அவர் மகளும், சமையற்காரத் தோழரின் மகனும் கோலாலம்பூரில் ஒரே அலுவலகத்திற் பணிபுரிகின்றனர். இருவரும் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டிற் சொல்லியிருக்கின்றனர். தகப்பன்மார் ஒரே விடுதியிற் படித்தவர்கள் என்பது பிள்ளைகளுக்குப் பின்னரே தெரிந்ததாம்.

"பையனிடம் ஒரு குறையும் சொல்வதற்கில்லை," என்றார் நண்பர். "ஆனால் வீட்டிலே பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன சொல்வார்களோ?"

அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவர் வீட்டில் அவரினும் மூத்தவர் எவரும் இப்போது உயிரோடில்லை. எந்தப் பெரியவர்கள் என்று கேட்டோம். அவர் விடை சொல்லாமற் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார் நினைவிருக்கிறதா என்று கேட்டோம்.

நெடுநேரங் கழித்து, "அவன் இன்னும் அப்படியேதான் சமைக்கிறானா?" என்றார்.

சமைக்கிறார் என்றோம். தொலைபேசி எண்ணைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.